கற்கும் நேரமும் வேலை நேரமே

அங்கன்வாடி மையத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஊட்டச்சத்து உணவைப் பெற வேண்டுமானால், பயனாளியின் முகத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்ற முறையை ஒன்றிய அரசு 2025 ஜூலை 1 முதல் நாடெங்கும் கட்டாயமாக்கியது. சரிபார்க்க வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். குழந்தையின் எடை, உயரம், வருகை, வழங்கிய உணவு அனைத்தையும் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிவேற்றும் பொறுப்பு 2021 மார்ச் முதலே அவர் தலையில் இருக்கிறது. தில்லியின் குடிசைப் பகுதி ஒன்றில் காலை வேளையில் ஒரு தாயின் ஆதார் விவரத்தைச் சரிபார்க்க முனைந்தால், ஓடிபி எண் வந்து சேரும் கைப்பேசி ஓக்லாவிலோ நரேலாவிலோ வேலைக்குப் போன கணவரின் சட்டைப்பையில் இருக்கும். அவரை அழைத்து, இது மோசடி அழைப்பு அல்ல என்று நம்பவைத்து, எண்ணைக் கேட்டு வாங்கி, நேரம் கடப்பதற்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் உணவு கிடைக்காத தாய்க்கும், கணக்குக் கேட்கும் மேற்பார்வையாளருக்கும் அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலையை அவருக்கு யார், எப்போது, எந்த மொழியில் கற்றுக் கொடுத்தார்கள்? ஆய்வுக் கூட்டத்தின் இடையே சில விளக்கப் படங்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொலி. பல இடங்களில் பயிற்சி என்பது இவ்வளவே. மீதியைப் பள்ளியில் படிக்கும் மகளிடமோ அடுத்த மையத்து ஊழியரிடமோ இரவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இரவு நேரத்துக்கு ஊதியம் இல்லை. பகல் நேரத்துக்கே ஊதியம் இல்லை, மதிப்பூதியம்தான். அதற்கு 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய்.

தில்லி அங்கன்வாடி ஊழியர்களும் உதவியாளர்களும் 2022 ஜனவரி 31 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நடந்தது நினைவிருக்கலாம். மார்ச் 9 அன்று அவர்கள் மீது எஸ்மா ஏவப்பட்டது. தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சம்பளம் கேட்டால் அவர்கள் தொண்டர்கள். வேலைநிறுத்தம் செய்தால் அத்தியாவசியப் பணியாளர்கள். செயலியின் முன்னால் தரவுப் பதிவாளர்கள். இந்த மூன்று வேடங்களில் எதற்கும் உரிய உரிமை மட்டும் கிடையாது. 2013 மே மாதம் தில்லியில் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பின் வந்த எந்த ஒன்றிய அரசும் அதை நடைமுறைப்படுத்தவில்லை.

கணினியும் கைப்பேசியும் எவரும் தாமாகவே கற்றுக்கொள்ளக் கூடியவை, அதற்கென ஆசிரியரும் நேரமும் செலவும் எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளர்களிடம் ஆழப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்துக்குத் தில்லியிலேயே ஒரு பிறப்பிடம் உண்டு. 1999 ஜனவரி 26 அன்று கல்காஜியில், என்ஐஐடி நிறுவனத்தின் மதில் சுவரில் துளையிட்டு, அதையொட்டியிருந்த குடிசைப் பகுதியின் பக்கம் திரை தெரியும்படி ஒரு கணினி வைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய சுகதா மித்ரா செய்த சோதனை அது. எவரும் சொல்லிக் கொடுக்காமலேயே குழந்தைகள் சுட்டியை நகர்த்தவும் இணையத்தில் உலவவும் கற்றுக்கொண்டனர். உலகெங்கும் பேசப்பட்ட அந்தச் சோதனையின் தொடர்ச்சிக்காக 2013இல் அவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசும் கிடைத்தது.

குழந்தைகளின் கூர்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதே மாதிரியைப் பின்பற்றித் தில்லி அரசு 2000ஆம் ஆண்டில் அம்பேத்கர் நகரில் அமைத்த கணினிக் கூண்டை நேரில் கண்ட அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷவர் எழுதியது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இந்தியில் உள்ளடக்கம் இல்லை. குழந்தைகள் படம் வரைந்தும் விளையாடியும் பொழுதைக் கழித்தனர். முறையான வகுப்பு இல்லையே என்று பெற்றோர் குறைப்பட்டனர். ஆசிரியருக்குச் செலவிட விரும்பாத அரசுகளுக்கு ‘தானே கற்றல்’ என்பது எவ்வளவு வசதியான தத்துவம் என்பதை அந்தப் பெற்றோர் ஆய்வாளர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தனர் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுவரோரம் விளையாடும் குழந்தை தவறான இடத்தில் தொட்டால் எதுவும் கெட்டுவிடாது. தொழிலாளி தவறான இடத்தில் தொட்டால் கூலி போகும். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தளங்களிலும் என்எம்எம்எஸ் செயலி வழியான வருகைப் பதிவு கட்டாயமானது. நாளொன்றுக்கு இரண்டு முறை படம் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். சமிக்ஞை கிடைக்காவிட்டாலோ, பதிவைக் கையாளும் மேட்டுக்குச் செயலி பிடிபடாவிட்டாலோ, நாள் முழுதும் மண் வெட்டியவருக்கு அன்று ஆப்சென்ட். இதையும் ஆதார் வழிக் கூலி முறையையும் எதிர்த்துப் பல மாநிலத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் தில்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்ணாவைத் தொடங்கினர். செயலியை இயக்கிய மேட்டுகளும் பெரும்பாலும் ஏழைப் பெண்களே. சொந்தக் கைப்பேசி, சொந்த டேட்டா, சொந்த முயற்சியில் பெற்ற பயிற்சி ஆகியவற்றோடு அரசாங்கத்தின் வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

இடதுசாரிகள் கணினியை எதிர்த்தவர்கள்தானே என்ற ஏளனம் இந்த இடத்தில் தவறாமல் வரும். 1960களில் கல்கத்தாவின் இலாகோ ஹவுஸில் கணினி நிறுவப்படுவதை எதிர்த்து எல்ஐசி ஊழியர்கள் இரவு பகலாகக் காவலிருந்தது உண்மை. அவர்கள் கேட்ட கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல, அதனால் பறிபோகும் வேலைகளைப் பற்றியது. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டதால்தான் 1983 செப்டம்பரில் வங்கி ஊழியர் சங்கங்களுக்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் இடையே இயந்திரமயம் பற்றிய ஒப்பந்தம் ஏற்பட்டது. எத்தகைய இயந்திரம், எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. இயந்திரத்தை இயக்கிய எழுத்தருக்குச் சிறப்புப் படி கிடைத்தது. புதிய திறன் என்றால் கூடுதல் ஊதியம் என்ற கொள்கை ஏட்டில் ஏறியது.

தில்லியில் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் நினைவுகூரலாம். ரயில் முன்பதிவுக்கான கணினி முறை 1985 நவம்பரில் புதுதில்லியில்தான் முதன்முதலில் அறிமுகமானது. அதுவரை ஒவ்வொரு ரயிலுக்கும் பெரிய பேரேடு. அந்தப் பேரேடு எந்த ஜன்னலில் இருக்கிறதோ அங்கேதான் வரிசையில் நிற்க வேண்டும். கணினி வந்தபின் எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் இடம் பதியலாம் என்றானது. பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே எழுத்தர்கள் ரயில்வேயின் செலவில் பயிற்சி பெற்றுத் திரைகளின் முன் அமர்ந்தனர். கணினியைப் பார்த்தே இராத நடுத்தர வயதினர் அவர்கள். கற்க அவகாசமும், தவறினால் வேலை போகாது என்ற உறுதியும் இருந்ததால் கற்றார்கள்.

பணித்திறனுக்கு அன்று கிடைத்த மதிப்பைத் தில்லித் தமிழர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தமிழகத்துச் சிற்றூர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹையர் தேறி, சுருக்கெழுத்தும் கைவசமாக ரயிலேறி வந்து மத்தியச் செயலகத்தின் அறைகளை நிரப்பிய தலைமுறை கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழ்ந்தது. கைச்செலவில் கற்ற திறன்தான் அது. ஆயினும் அதற்கு ஈடாக நிரந்தர வேலை, பஞ்சப்படி, குடியிருப்பு, ஓய்வூதியம் கிடைத்தன. இன்று அதே அறைகளில் தட்டச்சிடுபவர் பலர் ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ‘டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்’. லட்சுமி நகரின் பயிற்சிக் கூடங்களில் பணம் கட்டிக் கற்கிறார், சான்றிதழுக்கென மீண்டும் தேர்வுக் கட்டணம் செலுத்துகிறார். கிடைப்பது எப்போது வேண்டுமானாலும் முடியக்கூடிய ஒப்பந்தம். கற்கும் செலவு தொழிலாளியின் தலையில், கற்றதன் பயன் முதலாளியின் கையில் என்பதே நவதாராளமயம் இந்தத் துறையில் செய்த ஏற்பாடு.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. 2017 பிப்ரவரியில் பிரதமரின் பெயரால் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் ஒப்புதல் பெற்றது. இலக்கு 6 கோடிப் பேர், ஒதுக்கீடு 2,351.38 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 400 ரூபாய்கூட இல்லை. பயிற்சி மொத்தம் 20 மணி நேரம். ஒன்றிய அரசின் மின்னணு நிறுவனமான நைலிட் நடத்தும் அடிப்படைக் கணினிப் படிப்புக்கே 80 மணி நேரம் தேவை என்று வகுத்திருக்கும்போது, அதில் கால் பங்கு நேரத்தில் ‘எழுத்தறிவு’ வந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். திட்டம் 2024 மார்ச் 31இல் முடிந்தபோது 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள். சான்றிதழ் பெற்றோர் சுமார் 4.77 கோடி. ஊரகத் திட்டம் என்பதால் தில்லியின் தொழிற்பேட்டைகளுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் இதில் இடமே இல்லை. நகரத்தார் எல்லோரும் அறிவார்கள் என்ற அனுமானம்! 2017-18இன் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் கணினியை இயக்கத் தெரிந்தவர் 32.4 விழுக்காடு, ஊரகத்தில் 9.9 விழுக்காடு.

இதனுடன் கேரளத்தை ஒப்பிடுவது பொருத்தமானது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிய முயற்சியை இடது ஜனநாயக முன்னணி அரசு மாநிலம் முழுவதற்கும் விரித்தது. தன்னார்வலர்கள் 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, கற்பிக்கப்பட வேண்டியோர் 21.88 லட்சம் பேர் என்று முதலில் கண்டறிந்தனர். பின்னர் அவர்கள் இருக்குமிடத்துக்கே சென்று கற்பித்தனர். புல்லம்பாறையில் வேலை உறுதித் திட்டத் தளங்களே வகுப்பறைகளாயின. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. இது குடிமக்களுக்கான அடிப்படை அறிவு. பணியிடத்தில் முதலாளி தர வேண்டிய பயிற்சிக்கு இது மாற்றாகிவிடாது. ஆனாலும் கற்பவரைத் தேடிப் போவது, அவருடைய மொழியில் பேசுவது, அவர் கற்றாரா என்று சோதிப்பது ஆகிய மூன்றையும் ஓர் அரசு செய்யவே முடியாது என்ற வாதம் இதன்பின் எடுபடாது.

பணியிடத்தைப் பொறுத்தவரை கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கென 140ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வேலை நேரத்துக்குள், ஊதிய இழப்பின்றிப் பயிலும் உரிமையைப் பேசும் உடன்படிக்கை அது. இந்தியா இதை இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. ‘திறன் இந்தியா’ என்று விளம்பரத் தட்டிகளை நாடெங்கும் நிறுத்தியவர்கள் இந்த ஒரு கையெழுத்தைப் போடாமலிருப்பது தற்செயல் அல்ல.

உள்நாட்டுச் சட்டமும் பாதி தூரமே வருகிறது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 9ஏ பிரிவு, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்துக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது. 2020இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் 40ஆவது பிரிவாக இது நீடிக்கிறது. சட்டத் தொகுப்புகளை முறியடிக்கும் போராட்டத்தில் நிற்கும் நாம் இந்த இடைவெளியையும் கவனிக்க வேண்டும்: வேலை போனால்தான் சட்டத்தின் கண்ணில் படுகிறது. வேலை போகாமல், அதன் இயல்பே மாறி, அறியாத கருவி ஒன்று கையில் திணிக்கப்பட்டால் சட்டம் பேசுவதில்லை. தொழிலாளர் என்றே ஏற்கப்படாத அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களுக்கு அந்த முன்னறிவிப்பும் இல்லை. ஆகவே தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்துக்கு அடுத்த வரியிலேயே இவை இடம்பெற வேண்டும்: புதிய செயலியோ இயந்திரமோ வருமுன் தாய்மொழியில் பயிற்சி, அது வேலை நேரத்தில், கருவியும் இணையச் செலவும் நிர்வாகத்தின் பொறுப்பு, பழகும் காலத்தில் நேரும் பிழைக்குக் கூலிப் பிடித்தமோ தண்டனையோ கூடாது, கூடுதல் திறனுக்குக் கூடுதல் படி.

கோரிக்கை வெல்லும்வரை கைகட்டி நிற்கவும் முடியாது. தில்லியில் ஓக்லா, வஜீர்பூர், பவானா தொழிற்பேட்டைகளில் ஒப்பந்தத் தொழிலாளியின் கூலியிலிருந்து வைப்பு நிதிக்குப் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்பது அவருக்கே தெரிவதில்லை. யுஏஎன் எண்ணும், ஆதாருடன் இணைத்த கைப்பேசியும் இருந்தால் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அது தெரியாததால் கடைக்காரரிடம் பணம் கொடுத்துப் பார்க்கிறார், சில சமயம் கடவுச்சொல்லையும் அங்கேயே விட்டு வருகிறார். சங்க அலுவலகங்களில் மாலை வேளையில் ஒரு பழைய கணினியும், கற்றுத்தரத் தெரிந்த ஓர் இளம் தோழரும் இருந்தால் போதும், வகுப்பைத் தொடங்கிவிடலாம். வழக்கமான பாடத்திட்டம் சுட்டியைப் பிடிப்பதிலும் படம் வரைவதிலும் தொடங்கும். நம் வகுப்பின் முதல் பாடம் தொழிலாளி தன் வைப்பு நிதிக் கணக்கைத் தானே திறந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தெந்த மாதம் பணம் கட்டப்படவில்லை என்று எழுதி எடுப்பதாக இருக்கட்டும். இரண்டாவது பாடம், அந்தப் பட்டியலை இணைத்து வைப்பு நிதி ஆணையருக்குப் புகார் மனு தட்டச்சிடுவது.