இசைத்தட்டுக்கு ஏற்ற உறை

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. ஊரை விட்டு வந்த பெரியோர், பாத்திரம் பண்டங்களோடு அவற்றையும் கொண்டுவந்தனர். அவற்றுட் சில மறுமுறை வெளிவரவே இல்லை. தட்டுப் போனால் பாட்டும் போயிற்று. ஆகவே அவற்றுக்கேற்ற உறையைப் பற்றி இம்மாதம் அன்பர்களோடு பேச விரும்புகிறோம்.

முதலில் தட்டின் இனம் அறிதல் வேண்டும். நிமிஷத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு பெரும்பாலும் அரக்கினால் ஆனது, விழுந்தால் உடையும். 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனியார் வெளியிட்ட நெடுநேரத் தட்டு வினைலால் ஆனது. அது எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும், வெயிலில் வளையும். 78 தட்டு பெரும்பாலும் 10 அங்குலம். நெடுநேரத் தட்டு 12. சிறு தட்டு 7. அளந்து வாங்குக.

மின்னும் உறையைக் கண்டு மயங்க வேண்டா. பி.வி.சி. உறையை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் கசிந்து, வினைல் தட்டை மங்கச் செய்யும். அம்மங்கல் பெரும்பாலும் நீங்குவதில்லை. இரயில்வே குமாஸ்தாவாகிய நாம் பொதிகளிடம் கற்றதும் இதுவே: கட்டு அழகாயிருப்பது வேறு, சரக்குச் சேதமின்றி இருப்பது வேறு.

வினைல் தட்டின் உள்ளுறைக்கு மெல்லிய பாலிதீன் நன்று. வெறுங்காகிதம் உராயும், இழையும் உதிர்க்கும். அட்டையின் மேலுறைக்குச் சற்றுத் தடித்த பாலிதீனோ பாலிபுரொப்பிலீனோ கொள்க. பின்னது தெளிவானது, ஆயினும் விறைப்பு மிக்கது. அரக்குத் தட்டுக்கு அமிலமற்ற காகித உறையே போதும். தூசி துடைத்த பின்னரே உறையிலிடுக. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படலாகாது, அரக்கு அதில் கரைந்துவிடும்.

நம்மூர் மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். ஆதலால் மேலுறையின் வாயை ஒட்டி மூடாதீர்கள். உள்ளுறையின் வாய் மேல்நோக்கி இருக்கட்டும், தூசி புகாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நேராக நிறுத்தி வைக்கவேண்டும். பழைய உறையையும் எறிந்துவிடாதீர்கள். விற்ற கடையின் முத்திரையும் பாட்டனார் எழுதிய பெயரும் அதில் இருக்கலாம்.

1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைத் தட்டில் பதித்தனர். 1930-இல் அவர் மைசூரில் காலமானார். அவர் குரல் இன்றும் கேட்கிறதென்றால், யாரோ சிலர் அத்தட்டுகளைப் பேணியதே காரணம். பெங்களூரிலேயே ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் என்னும் அமைப்பு, இத்தகைய பழந்தட்டுகளைக் கணினிப் பதிவாக்கும் பணியை மேற்கொண்டது.

பாட்டனார் கேட்ட பாட்டைப் பேரனும் கேட்க வேண்டுமானால், உறைக்குச் செலவிடும் சில ரூபாய் வீண் செலவன்று. இந்த ஞாயிற்றுக்கிழமையே அலமாரியைத் திறந்து பாருங்கள்.