ஜி.பி.எஸ்.ஸுக்குத் தனியிடம் கொடுங்கள்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு வானொலிக் கரகரப்பு 'பராசித்', அதாவது ஒட்டுண்ணி. பேரன் கட்டும் டிரோனிலும் அதே தொல்லைதான். ஜி.பி.எஸ். சிக்னல் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து மிக மெலிந்து வந்து சேருகிறது. பக்கத்திலேயே கேமராவும் வீடியோ டிரான்ஸ்மிட்டரும் இரைந்தால் ஆன்டெனாவுக்கு அது எப்படிக் கேட்கும்? கேட்காவிட்டால் டிரோன் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வழி தெரியாமல் திண்டாடும். யார் தலையிலாவது விழலாம்.

விலை கூடிய ஜி.பி.எஸ். வாங்குமுன், இருப்பதைச் சிறு கம்பத்தில் உயர்த்தி, கேமராவிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் அடியில் செப்பு டேப் ஒட்டி கிரவுண்டோடு இணையுங்கள். பிறகு கேமராவை அணைத்தும் போட்டும், எத்தனை செயற்கைக்கோள்கள் கிடைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். போட்டவுடன் எண்ணிக்கை சரிந்தால் பறக்கவிடாதீர்கள். காசைக் கொட்டுமுன் இடத்தை மாற்றிப் பார் என்பதே என் கட்சி.