மேகத்துக்குக் குடிபோகும் கணக்கு

ஒரு காலத்தில் வியாபாரியின் உயிர் இரும்புப் பெட்டியில் இருந்தது. பேரேடும் குறிப்பேடும் துணியில் கட்டி அதனுள் வைக்கப்படும். சாவி முதலாளியின் இடுப்பில் தொங்கும். கடை தீப்பற்றினால் சரக்கைவிட முதலில் தூக்கப்படுவது அந்தக் கணக்குக் கட்டுத்தான். சரக்குப் போனால் மறுபடி வாங்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்குப் போனால் வியாபாரமே போயிற்று.

இன்று அந்தப் பேரேடு, சர்வர் என்னும் யந்திரத்துக்குள் புகுந்துகொண்டுவிட்டது. அலுவலகத்தின் ஒரு மூலையில் குளிரூட்டிய சிற்றறை; அதில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் நாலைந்து பெட்டிகள். சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வாடிக்கைக்காரர் விலாசம், வரிக் கணக்கு எல்லாம் அவற்றுள் அடக்கம். இப்போது அந்த அறையையும் காலி செய்யும் யோசனை நடக்கிறது. "எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம், யந்திரம் வாங்கும் தொல்லை இல்லை, பழுது பார்க்கும் தொல்லை இல்லை" என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. முதலாளி தலையாட்டுகிறார். இருபது ஆண்டுகளாக அந்த அறையைக் காத்து வந்த பொறியாளரோ முகம் சுளிக்கிறார். யார் சொல்வது சரி? ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நிதானமாக ஆராயவேண்டிய விஷயம் இது.

மேகம் எங்கே இருக்கிறது?

மேகம் என்ற பெயரே கேட்பவரை மயக்கிவிடுகிறது. உண்மையில் ஆகாயத்தில் எதுவும் இல்லை. பிறர் கட்டிய கட்டடத்தில், பிறருக்குச் சொந்தமான யந்திரங்களில், வேண்டிய அளவு இடத்தையும் வேகத்தையும் இணையத்தின் வழியாக வாடகைக்கு எடுப்பதே மேகம். அமேசான் கம்பெனி 2006-ல் இந்த வாடகை வியாபாரத்தைத் துவக்கியது. மைக்ரோஸாப்டும் கூகிளும் பின்னால் வந்து சேர்ந்தன. அமேசானின் யந்திரசாலைகள் 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஹைதராபாத்திலும் திறக்கப்பட்டன.

இதை மின்சாரத்துக்கு ஒப்பிடுவோர் உண்டு. முன்பு ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்துகொண்டன; பிறகு பொதுக் கம்பியிலிருந்து வாங்கத் தொடங்கின; கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை இது. மின்சாரம் வாங்குகிறவன் மின்நிலையத்திடம் தன் பொருள் எதையும் ஒப்படைப்பதில்லை. மேகத்துக்குப் போகிறவனோ தன் பேரேட்டையே கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆகவே பாங்கின் பாதுகாப்புப் பெட்டகமே பொருத்தமான உவமை. பெட்டகம் எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், சாவியைத் தெருவில் போட்டால் பாங்கு என்ன செய்யும்?

ஏழாண்டுப் பயணம்

மேகத்துக்குக் குடிபோன ஸ்தாபனங்களில் உலகம் நன்கறிந்தது அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் அதன் சொந்தத் தரவுக் களஞ்சியம் பழுதுபட்டது. திரைப்பட டிவிடிக்களைத் தபாலில் அனுப்புவது அன்று அதன் முக்கிய வியாபாரம். மூன்று நாள் ஒரு டிவிடியைக்கூட அனுப்ப முடியவில்லை. ஒரே இடத்தில் பழுது ஏற்பட்டால் எல்லாமே நின்றுபோகும்படி வீட்டைக் கட்டியிருப்பது அப்போதுதான் புலப்பட்டது. அமேசானின் மேகத்துக்கு மாற முடிவு செய்தார்கள்.

அந்த வேலை 2016 ஜனவரியில்தான் முடிந்தது. ஏழு ஆண்டுகள் ஆயின! யந்திரங்களில் இருந்ததை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வைத்திருந்தால் விரைவில் முடிந்திருக்கும். பழைய குறைகளும் கூடவே குடிவந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு பகுதியையும் புதிதாக எழுதி, ஒன்று கெட்டால் மற்றவை நிற்காதபடி அமைத்தார்கள். பணம் வசூலிக்கும் பகுதியைக் கடைசியில்தான் தொட்டார்கள். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. படங்களை நேயர் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கும் யந்திரங்களை அவர்கள் மேகத்திடம் ஒப்படைக்கவில்லை. அவற்றைத் தாங்களே அமைத்து, 2012 முதல் இணையக் கம்பெனிகளின் இடங்களிலேயே வைத்து வருகிறார்கள். எதை வாடகைக்கு விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று பிரித்தறிந்ததே அவர்களுடைய வெற்றி.

அவசரத்தின் பலனையும் பார்க்கலாம். பிரிட்டனின் டிஎஸ்பி பாங்கு 2018 ஏப்ரலில் தன் வாடிக்கைக்காரர் கணக்குகளை ஒரே வார இறுதியில் வேறொரு அமைப்புக்கு மாற்றியது. மேகத்துக்குப் போன கதையன்று அது, ஆனால் குடிபெயர்ச்சிதான். மறுநாள் லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். நிலைமை முற்றிலும் சீராக மாதங்கள் பிடித்தன. 2022 டிசம்பரில் அந்தப் பாங்குக்குச் சுமார் 4 கோடியே 86 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது.

சொந்த வீடு காக்குமா?

இதைக் கேட்டதும், "இருக்கிற இடமே மேல்" என்று தோன்றலாம். தென்கொரிய அரசாங்கத்துக்கு 2025-ல் நேர்ந்தது அந்த எண்ணத்தைத் திருத்தும். டேஜோன் நகரில் அரசாங்கத்தின் சொந்தத் தகவல் நிலையம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 26-ந் தேதி அங்கே லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. அரசாங்க ஊழியர்களின் கோப்புகள், சுமார் 858 டெராபைட், எரிந்தே போயின. அளவு மிகப் பெரிது என்று அவற்றுக்கு வேறிடத்தில் நகல் எடுத்து வைக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், மாடிப்படியின் கீழ் சர்வரை வைத்திருக்கும் நடுத்தரக் கம்பெனியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? ஏசி நின்றால் ஆபத்து. மழைநீர் புகுந்தால் ஆபத்து. எலி கம்பியைக் கடித்தாலும் ஆபத்து. தினமும் நகல் எடுப்பதாகச் சொல்லுவார்கள். அந்த நகலிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது.

வாடகை வீடும் எரியும்

அப்படியானால் மேகம் ஆபத்தில்லாததா? பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் ஐந்து மாடி யந்திரசாலை 2021 மார்ச் 10-ந் தேதி எரிந்து சாம்பலாயிற்று. அசலும் நகலும் ஒரே வளாகத்தில் இருந்ததால் இரண்டையும் இழந்த வாடிக்கைக்காரர்கள் உண்டு. 2025 அக்டோபர் 20-ந் தேதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அமேசானின் பெயர் விலாசப் பதிவு ஒன்றில் பிழை நேர்ந்தது. தீயில்லை, வெள்ளமில்லை, ஆயினும் உலகின் பல நாடுகளில் எண்ணற்ற சேவைகள் மணிக்கணக்கில் நின்றன.

இவற்றையெல்லாம்விடப் பாடம் புகட்டுவது ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கதை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் முதுமைச் சேமிப்பு அதன் பொறுப்பில் இருக்கிறது. கூகிளின் ஊழியர்கள் அதற்குத் தனி மேகம் ஒன்றை அமைத்துக் கொடுத்தபோது, ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். நிரப்பாத கட்டத்துக்கு "ஓராண்டுக் காலம்" என்று யந்திரமே பொருள் செய்துகொண்டது. ஆண்டு முடிந்ததும், 2024 மே மாதத்தில், அந்த மேகத்தைத் தானே அழித்துவிட்டது! உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. நல்ல வேளையாக, அந்த நிதியின் நிர்வாகிகள் வேறொரு கம்பெனியிடமும் நகல் வைத்திருந்தார்கள். மீட்புக்கு அது பேருதவியாயிற்று. பணம் ஒரு காசும் போகவில்லை. காப்பாற்றியது மேகத்தின் பெருமையன்று. எவரையும் முழுக்க நம்பாத ஒரு நிர்வாகியின் முன்யோசனை.

பூட்டு யாருடையது?

திருட்டு விஷயத்திலும் தவறான எண்ணம் பரவியிருக்கிறது. "பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டோம், இனிப் பாதுகாப்பு அவர்கள் கவலை" என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பது அவர்கள் கடமை. குடியிருப்பவர் தம் கதவைத் தாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் காபிடல் ஒன் பாங்கு அமேசானின் மேகத்தில் இருந்தது. காவல் அமைப்பு ஒன்றைச் சரியாக அமைக்காததால் 2019-ல் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் களவு போயின. மறு ஆண்டு 8 கோடி டாலர் அபராதம் கட்டியது பாங்குதான், யந்திரசாலைக்காரர் அல்ல.

இந்தியச் சட்டமும் இதே போக்கில்தான் இருக்கிறது. கணக்கை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனி, அதன் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினந்தோறும் எடுத்து வைக்கவேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. பணப் பட்டுவாடா விவரங்கள் இந்தியாவிலேயே இருக்கவேண்டும் என்று ரிஸர்வ் பாங்கு 2018-லேயே உத்தரவிட்டது. கணக்கு எந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாது என்பது சட்டத்தின்முன் செல்லாது.

வாடகைக் கணக்கு

செலவு குறையும் என்பதே மேகத்துக்குச் சொல்லப்படும் முதல் காரணம். இது ஆளுக்கு ஆள் மாறும். தீபாவளிக்கு முந்திய மாதம் பத்து மடங்கு வேலையும் மற்ற மாதங்களில் சொற்ப வேலையும் உள்ள ஜவுளிக் கடைக்கு வாடகை லாபம். வேண்டியபோது எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடலாம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக வேலை உள்ள ஸ்தாபனத்துக்கு வாடகை நாளடைவில் விலையை மீறக்கூடும். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் கம்பெனி 2022-ல் மேகத்துக்குக் கொடுத்தது 32 லட்சம் டாலர். கணக்குப் பார்த்த முதலாளிகள் சொந்த யந்திரங்களை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். மணிக்கணக்கில் வாடகை ஓடும் இடத்தில், வேலை முடிந்தும் அணைக்காமல் விட்ட யந்திரம் திறந்துவிட்ட குழாய்க்குச் சமம்.

வெளியேறும் வழியையும் முன்பே பார்த்து வைக்கவேண்டும். உள்ளே போக வாசல் பெரிது. வெளியே வர வாசல் சிறிது. ஐரோப்பாவில் 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம், ஒரு மேகத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறும் வாடிக்கைக்காரரிடம் 2027 ஜனவரி முதல் அதற்கெனக் கட்டணம் வாங்கலாகாது என்கிறது. அப்படியொரு சட்டம் வேண்டியிருந்ததே நிலைமையைக் காட்டும்.

செய்யவேண்டியது என்ன?

மேகத்தை வெறுத்து ஒதுக்குவதும் பேதைமை. கண்மூடிப் பாய்வதும் பேதைமை. முதலில், எந்தெந்த யந்திரத்தில் என்னென்ன இருக்கிறது, எதை நம்பி எது நடக்கிறது என்று முழுப் பட்டியல் எழுதவேண்டும். நின்றாலும் பெரிய நஷ்டமில்லாத சிறு வேலைகளை முதலில் அனுப்பி அனுபவம் பெறவேண்டும். சம்பளமும் வசூலும் கடைசியில் போகட்டும். அவை போகும்போதும், இரண்டு கணக்கும் பைசா சுத்தமாக ஒத்துவரும்வரை, பழைய யந்திரமும் புதிய மேகமும் சேர்ந்தே ஓடட்டும். ஒரு நகல் வேறு ஊரில், வேறு கையில் இருக்கவேண்டும். ஆண்டுக்கு இரு முறையாவது அந்த நகலிலிருந்து கணக்கை மீட்டுக் காட்டச் சொல்லவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம், முகம் சுளித்த அந்தப் பழைய பொறியாளர். யந்திரம் போகிறது, இனி இவர் எதற்கு என்று பல முதலாளிகள் அவருக்குக் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். எந்தத் திட்டம் யாருக்காக எழுதப்பட்டது, மாதக் கடைசியில் எது தகராறு செய்யும், எந்தப் பிழையைப் பத்து ஆண்டுகளாகக் கையால் திருத்தி வருகிறார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அந்த அறிவை எந்த மேகமும் வாடகைக்குத் தராது. அவரைப் புது வேலைக்குப் பழக்கிக் கூடவே அழைத்துப் போவதுதான் குடிபெயர்ச்சியின் மலிவான காப்புறுதி.

உடையவன் பாராத வேலை ஒரு முழம் கட்டை என்பது பழமொழி. இரும்புப் பெட்டி போய்விட்டது. சர்வர் அறையும் போகட்டும். கணக்கு எங்கே போனாலும், அதன் சாவி முதலாளியின் இடுப்பிலேயே இருக்கவேண்டும்.