போனஸுக்குத் தனி வரி கிடையாது

தீபாவளி முடிந்ததும் எங்கள் மேலகரம் பக்கம் வருஷா வருஷம் ஒரு கேள்வி கிளம்பும்: "போனஸுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு வரி?" ஒரு காலத்தில் சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்த வருஷம் கேட்டவர் பக்கத்து வீட்டுப் பையன். போனஸ் பணத்தில் அம்மாவின் நகையை மீட்க நினைத்திருந்தார். கைக்கு வந்ததில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அலுவலகத்தில் கேட்டதற்கு, "சிஸ்டம் பிடிச்சிருக்கு" என்று பதிலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் நாட்டில் போனஸுக்கென்று தனி வரி விகிதம் கிடையாது. அமெரிக்காவில் போனஸுக்கு 22 சதவீதம் என்று ஒரே விகிதத்தில் பிடிக்கும் முறை உண்டு. இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வருமான வரிச் சட்டம் சொல்வது வேறு. ஆண்டு முழுவதற்கும் வரக்கூடிய சம்பளத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு, அதற்குரிய வரியை மாதாமாதம் பிடிக்க வேண்டும். கூடக் குறைய இருந்தால் பிந்தைய மாதங்களில் சரிசெய்யலாம். போனஸும் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். மென்பொருள் செய்வது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 1,00,000 ரூபாய் சம்பளம், ஆண்டுக்கு 12,00,000. புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக 11,25,000. 2025-26 நிதியாண்டில் 12,00,000 வரை வரித் தள்ளுபடி உண்டு. ஆகவே வரி பூஜ்யம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிடித்தமே இல்லை.

அக்டோபரில் 1,00,000 போனஸ் வருகிறது. கழிவு போக வருமானம் 12,25,000 ஆகிறது. எல்லை தாண்டியாயிற்று, தள்ளுபடி போயிற்று. அட்டவணைப்படி வரி 63,750. ஆனால் தாண்டியது 25,000 மட்டுமே என்பதால் வரியும் 25,000-க்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்தில் ஒரு நிவாரணம் இருக்கிறது. 4 சதவீத செஸ் 1,000 சேர்த்து 26,000. அந்த நிவாரணத்தைக் கொடுக்க மறந்த கணக்கு 66,300 என்று காட்டும்!

இந்த 26,000-ஐ அக்டோபரிலேயே மொத்தமாகப் பிடிக்கலாம். மார்ச் வரை ஆறு மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் சுமார் 4,333. ஆண்டு முடிவில் இரண்டும் ஒன்றே. நகை வட்டிக் கடையில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றல்ல. எந்த வழி என்பதை முடிவு செய்தது கணினி அல்ல; அதில் அமைப்பைத் தேர்ந்தெடுத்த ஒரு மனிதர்.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பிரித்துப் பிடிக்கும்போது ஊழியர் டிசம்பரில் வேலையை விட்டுப் போனால், பிடிக்காத வரிக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காக முழுவதையும் ஒரே மாதத்தில் பிடிக்கிறார்கள். சரி, பிடியுங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லுங்கள், கணக்கைக் காட்டுங்கள். அதிகம் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்தான். வட்டிக் கடை அதுவரை காத்திருக்குமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உறவினர் பலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். அங்கே 2019 ஜனவரி முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்கிறார்கள். விகிதத்தை வரித்துறையே நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறது. போனஸ் வந்த மாதமும் பிடிப்பது அதே விகிதம்தான். சம்பளச் சீட்டில் வரிக்கு முந்தைய தொகை, விகிதம், பிடித்த வரி மூன்றும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். பார்த்தவுடன் புரியும். நம்மூர்ச் சீட்டில் 'டிடிஎஸ் 26,000' என்று ஒற்றை வரி.

கையால் பட்டியல் போட்ட காலத்தில் எங்களிடம் தவறு நேராமல் இல்லை. ஆனால் ஊழியர் வந்து நின்றால் பேரேட்டைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். இயந்திரம் வந்ததும் வேகம் கூடியது, அந்தக் கடமை மட்டும் எங்கோ போய்விட்டது.

இன்று மென்பொருள் எங்கோ பெங்களூரில் நடக்கும் சமாச்சாரம் இல்லை. சம்பள மென்பொருளும் விற்கும் ஜோஹோ நிறுவனத்துக்கு நம் மத்தளம்பாறையிலேயே அலுவலகம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிரல் எழுதுகிறார்கள். சம்பளச் சீட்டில் ஐந்து வரி கூட்டச் சொல்வது பெரிய கோரிக்கை இல்லை: போனஸுக்கு முன் ஆண்டு வரி, போனஸுக்குப் பின் ஆண்டு வரி, வித்தியாசம், இந்த மாதப் பிடித்தம், இனிப் பிடிக்க வேண்டியது. அதுவும் தமிழில்.

வரி கட்ட யாரும் மறுக்கவில்லை. எதற்காக எவ்வளவு என்று தெரிந்து கட்டுவது சம்பளக்காரனின் உரிமை. "சிஸ்டம் பிடிச்சிருக்கு" என்பது பதிலாகாது.