கதவைத் தட்டியது யார்?

“பணி விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் எந்த வாடிக்கையாளருடனும் எவ்விதத் தொடர்பும் கூடாது, ஊழியர் எவரும் வேறிடம் செல்லக் காரணமாகக் கூடாது.” நியமன ஆணைகளின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு ஷரத்து இருக்கும். பழைய ஆணையிலிருந்து எடுத்து ஒட்டுகிறோம். சேர்கிறவரும் படிக்காமலே கையெழுத்திடுகிறார். மனிதவளத் துறையில் இருக்கும் நாம் இந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே தீர்ப்பளித்தது. சிக்கல் எல்லாம் விலகிய பிறகுதான். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தொடர்ந்த வழக்கில் (2006), வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்று காட்டி ஊழியர் வேலை மாறுவதைத் தடுக்க முடியாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். அதே ஆண்டில், விப்ரோவுக்கும் பெக்மன் கூல்டருக்கும் இடையிலான வழக்கில், ஒருவர் ஊழியரை மற்றவர் இழுக்கக் கூடாது என்ற உடன்பாடு 27-ஆவது பிரிவுக்கு முரணல்ல என்றும் சொன்னது. ஆனால் வாக்கை மீறியதற்கு இழப்பீடு கேட்கலாமே தவிர, போய்ச் சேர்ந்த ஊழியர்களின் வேலையைப் பறிக்க வழியில்லை.

ஆக, தொழிலையே தடுப்பது வேறு, வலியப் போய் அழைப்பது வேறு. எஃப்.எல்.ஸ்மித் வழக்கில் (2013) சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அது இரு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்குதான். பாடம் நமக்கும் பொருந்தும். அழைத்தார் என்பது சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டிய சங்கதி. விலைப்புள்ளி கொடுத்தார், ஆர்டர் வந்தது என்பது மட்டும் போதாது.

நடைமுறையில் பாருங்கள். விலகியவர் லிங்க்ட்இனில் “புதிய இடத்தில் சேர்ந்துவிட்டேன்” என்று எழுதுகிறார். அதைப் பார்த்துப் பழைய வாடிக்கையாளர் போன் செய்தால், கதவைத் தட்டியவர் வாடிக்கையாளர். இன்னொரு ஊழியர் கடைசி நாளில் விலைப்பட்டியலைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொண்டு, மறுவாரம் “அதைவிடக் குறைத்துத் தருகிறோம்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், தட்டியவர் அவர். முதலாமவரைத் தண்டிக்கும் ஷரத்து இரண்டாமவரையும் தப்பவிடும். ஏனெனில் அளவு மீறி எழுதியது நீதிமன்றத்தில் மொத்தமாகவே விழக்கூடும்.

எனவே குறுக்கி எழுதுவோம். கடைசி ஓராண்டில் அவர் நேரடியாகக் கையாண்ட வாடிக்கையாளர்கள், அவரோடு ஒரே குழுவில் இருந்த ஊழியர்கள், ஆறு மாதமோ ஓராண்டோ ஆன காலம், ‘அழைத்தல்’ என்றால் எது என்ற விளக்கம்: இவை போதும். விலகும் நாளில் அந்த வாடிக்கையாளர், ஊழியர் பட்டியலை அவர் முன்னிலையிலேயே படித்துக் காட்டி, அவருக்கும் ஒரு நகல் கொடுப்போம். ரிலீவிங் லெட்டரைப் பிடித்துவைத்து மிரட்டும் வேலை நமக்கு வேண்டாம்.

வாடிக்கையாளரின் நம்பிக்கை நிறுவனத்தின் முதலீடு; அதைக் காப்பது நியாயம். பத்தாண்டு உழைப்பில் ஒருவர் கற்ற தொழிலோ அவருடைய சோறு. ஷரத்து எழுதும் பேனா இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.