சாவிக்கு முன் ஒரு கட்டணம்

லாஸ் வேகாஸ், ஹவாய் போன்ற இடங்களில் பெரிய ரிசார்ட்டுக்குள் இருக்கும் தனியார் வீடுகளை, உரிமையாளர்கள் ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் வழியே நாள் வாடகைக்கு விடுவதுண்டு. வாடகையை முன்பே கட்டிவிட்ட விருந்தினர் பெட்டியோடு வரவேற்பு மேசைக்கு வந்தால், நீச்சல் குளம், வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் என்று சொல்லி ஓர் இரவுக்கு இவ்வளவு என ரிசார்ட் தனியே ஒரு தொகை கேட்கிறது. குளத்தில் கால் நனைக்காதவரும் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் சாவி அட்டை கைக்கு வரும்.

அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று 2025 மே 12 முதல் இதற்குப் பொருந்துகிறது. கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். அரசு வரிகளை அதில் சேர்க்காமல் விடலாம். ஆனால் பணம் வாங்கும் முன் சொல்லியாக வேண்டும். கட்டணத்துக்கு உச்சவரம்பு ஏதும் இல்லை என்பது இவ்விதியின் பெரிய குறை.

“அது ரிசார்ட் வாங்கும் பணம்” என்று உரிமையாளர் கைகழுவுவது நியாயமே அல்ல. விலையைப் பார்த்து முடிவெடுத்தவர் அவரை நம்பித்தான் வந்திருக்கிறார். நிர்வாகத்திடம் அப்போதைய தொகையைக் கேட்டு வாடகையிலேயே சேர்த்து, ரிசார்ட்டுக்கு உரிமையாளரே செலுத்திவிடுவது நேர்மையான வழி. நிர்வாகம் விருந்தினரிடம்தான் வாங்குவேன் என்றால், அத்தொகையும் விளம்பர விலைக்குள் வர வேண்டும். வாகன நிறுத்தக் கட்டணம் கார் கொண்டுவருபவருக்கு மட்டும் என்பதால் அதைத் தனியே குறிப்பிடலாம்.