ஞாயிற்றுக்கிழமைப் பந்து



நாட்டு நடப்பையும் ஆட்சியாளரின் போக்கையும் அலசுவதற்கென்றே உள்ள இந்தப் பத்தியில், நண்பர்கள் இருபது பேர் ஞாயிறுதோறும் கூடி உதைக்கின்ற ஒரு பந்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "எழுதப் பொருள் கிட்டவில்லை போலும்" என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டே படியுங்கள்.

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ விடுமுறை நாளின் காலைப் பொழுதில் ஒரு திடலோரம் சற்று நின்று பாருங்கள். நடுவர் இல்லை, சீருடை இல்லை. கம்பம் நடவேண்டிய இடத்தில் இரண்டு செங்கற்கள். அவையும் அகப்படாவிடில் கழற்றி வைத்த செருப்புகள். ஆளுக்கு இவ்வளவு என்று தண்டி வாங்கிய பந்து. மூட்டை சுமப்பவரும், பட்டறைத் தொழிலாளியும், கல்லூரி மாணவரும், வேலை தேடி அலைபவரும் ஒரே புழுதியிலே புரளுகின்றனர். பந்து கையிற் பட்டதா இல்லையா என்று சச்சரவு மூளும். தீர்ப்புரைக்க மேலதிகாரி எவரும் இல்லாமையால், அவர்களே கத்தி, அவர்களே சமாதானமாகி, அவர்களே மீண்டும் ஆடுவர். யாரை எந்த அணியிற் சேர்ப்பது என்பதற்குக் காலின் திறமை ஒன்றே அளவுகோல். (இதனாலேயே சாதி ஒழிந்துவிடும் என்று நம்பும் ஏமாளி அல்லேன் நான். ஆட்டம் முடிந்தபின் அவரவர் திரும்புகின்ற தெரு எது என்பதை நானும் அறிவேன்.)

இந்த ஆட்டத்திற்கு வேண்டுவன இரண்டே: உழைப்பிலிருந்து விடுபட்ட ஒரு நாள், காசு கேட்காத ஒரு நிலம். இவ்விரண்டையும் இயற்கையின் கொடை என்று எண்ணுவோர் வரலாறு அறியாதோர்.

இங்கிலாந்திலே கால்பந்து எவ்வாறு பாட்டாளியின் ஆட்டமாயிற்று? 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலையில்லை என்றது. பெண்களும் இளைஞரும் வெளியேறிய ஆலையை மற்றவரை மட்டும் கொண்டு நடத்துவது எளிதன்று. அரைநாள் விடுமுறை மெல்ல மெல்லப் பரவிற்று. அந்த அரைநாளிலே பிறந்தன அணிகள். 1878இல் மான்செஸ்டரில் ரயில் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர் தொடங்கியதே இன்றைய மான்செஸ்டர் யுனைடெட். 1886இல் வுல்விச் படைக்கலத் தொழிற்சாலையின் உழைப்பாளிகள் தொடங்கியதே ஆர்சனல். 1883இல், நெசவாளரையும் நூற்பாளரையும் கொண்ட பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி, சீமான்களின் ஈட்டன் பள்ளி முன்னாள் மாணவர் அணியை 2–1 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. அன்று உழைப்பாளி ஓய்வில் உதைத்த பந்து, இன்று கோடீசுவரர்களின் வாணிபம்! அது வேறு கதை.

நம் நாட்டிலோ? பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் குரல் எழுப்பினார். ஞாயிறு விடுமுறையை முதலாளிகளிடமிருந்து பெறுவதற்கு 1890 வரை போராட வேண்டியிருந்தது. வடசென்னையிலே, 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் முதலில் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று, நண்பகல் உணவு வேளையை நீட்டவேண்டும் என்பது. சோறு உண்ணும் சில நிமிடங்களுக்கே சங்கம் கட்டவேண்டியிருந்த மண்ணிலேதான் இன்றைய பிள்ளைகள் பந்து ஆடுகின்றனர்.

பெற்றதைப் பறிக்கும் முயற்சியும் ஓய்ந்தபாடில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. இடதுசாரிகள் வெளிநடப்புச் செய்தனர், தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். நன்று. ஆயினும், உணவுப் பொட்டலம் சுமந்து இரு சக்கர வண்டியில் பறக்கும் இளைஞருக்கு எந்தச் சட்டம் ஞாயிறு தந்தது? வாரக் கடைசியில் ஓடினால் ஊக்கத்தொகை என்று அவர்தம் கைப்பேசி ஆசை காட்டுகிறது. திடலில் ஓர் ஆள் குறைகிறது. அவர் ஏன் வரவில்லை என்று ஆடுவோர்க்குத் தெரியும், ஆள்வோர்க்குத் தெரியவில்லை.

இனி நிலம். 2024 அக்டோபரில், செயற்கைப் புல் விரித்த கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆள் ஒன்றுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க வகைசெய்யும் தீர்மானம் சென்னை மாநகராட்சி மன்றத்திலே நிறைவேறியது. கணக்கிட்டுப் பாருங்கள்: இருபது பேர் இரண்டு மணி நேரம் ஆடினால் 4,800 ரூபாய்! நான்கு ஞாயிற்றுக்கு 19,200! பந்துக்கே பத்தும் இருபதுமாகச் சேர்ப்பவர் இதற்கு எங்கே போவர்? எதிர்ப்பு வெடித்ததும் உடனே தீர்மானம் கைவிடப்பட்டது. பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார் உளர். வேண்டும்தான், வரி எதற்குச் செலுத்துகிறோம்? பூங்காவில் காற்று வாங்குபவரிடம் மூச்சுக்கு இவ்வளவு என்று கேட்பதுண்டோ?

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நம் திடல்களிலே ஞாயிறு பெரும்பாலும் ஆண்களுக்கே ஞாயிறு. தம்பி பந்து ஆடுகையில் தங்கை குழாயடியில் நிற்கிறாள். 1920 டிசம்பரில் லிவர்பூலிலே, ஆலைப் பெண்களின் 'டிக் கெர்' அணி ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, பெண்களுக்குத் தன் கழகங்களின் திடல்களைத் தரலாகாது என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. தடை நீங்க ஐம்பது ஆண்டு ஆயிற்று. நம் ஊரில் தீர்மானம் போட்டுத் தடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. வீட்டு வேலையே அதைச் செய்துவிடுகிறது.

ஆகவே, கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்துத் திடல் வருவாய்த் துறைப் பதிவேட்டில் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டறியுங்கள். மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலைக் கூட்டத்திற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். தீர்மானம் நிறைவேறியபின் பதறுவதைவிட அது எளிது. பிள்ளைகள் ஆடும் இடத்திற்குக் கொடியோடும் கோப்பையோடும் போய், தலைவர் பெயரால் போட்டி நடத்தி, மேடை போட்டுப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். ஆள் குறைந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி ஆடுங்கள். தங்கைமார் ஆட வந்தால், அவர்களுக்கும் அத்திடலில் அந்த நேரம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த கிளைக் கூட்டத்தில் முதலில் அதைப் பேசுங்கள்.